இரட்டைக் கதவுக்கு ஓர் இடது கை

ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள் அக்கா. ராஜா நாலு பேர், சண்டை கிடையாது. ராணி நாலு பேர், சமையல் கிடையாது. பரிவாரம் மொத்தமும் உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். என்ன அது?

தெரியவில்லையா? பரவாயில்லை. என் டியூஷன் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. ஒரு பையன் தீப்பெட்டி என்றான். இதோ, என் மடியில் இருக்கிறதே, இதுதான். சீட்டுக்கட்டு.

பயப்படாதீர்கள். திருச்சியில் பஸ் ஏறினதிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். அதனால்தான் விடுகதையில் ஆரம்பித்தேன். நேராகச் சொன்னால் ஜனங்கள் பையை இறுக்கிக்கொள்கிறார்கள். நான் ரம்மி ஆடுகிறவள் இல்லை. சீட்டில் ஒரு ஆட்டம்கூட எனக்குத் தெரியாது. இது வேறு. கட்டை ஒற்றைக் கையால் இரண்டாகப் பிரித்து மேல் பாதியைக் கீழே கொண்டுபோவது, விசிறி மாதிரி விரிப்பது, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அருவி மாதிரி கொட்டுவது. ஜெயிப்பது தோற்பது ஒன்றும் கிடையாது. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். கோலம் போடுகிறோமே, அதை யார் ஜெயித்தார்கள்?

இதுவும் எனக்காக இல்லை. என் பெண் நறுமுகைக்காக. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அய்யோ, பார்த்தீர்களா, பேச்சில் ஒன்று விழுந்துவிட்டது. உங்கள் செருப்புக்குப் பக்கத்தில். இஸ்பேட் ஏழு. நன்றி அக்கா. நீங்கள் குனிவதற்குள் எது என்று சொல்லிவிட்டேன், கவனித்தீர்களா? அது என் முறை. நான் உறையூரில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தப்பு நடந்த நிமிஷமே தப்பு இன்னது என்று சொல்லிவிட வேண்டும். அப்புறமாகச் சொன்னால் மண்டையில் ஏறாது. நறுமுகையும் என்னிடம்தான் படிக்கிறாள். டியூஷன் நேரத்தில் அவளுக்கும் நான் ‘மிஸ்’தான். சொந்தப் பிள்ளை என்று சலுகை காட்டினால் மற்ற பிள்ளைகள் என்ன நினைக்கும்?

கதைக்கு வருகிறேன். வெயில் கால லீவில் இவள் எந்நேரமும் போனும் கையுமாக இருந்தாள். என்னதான் பார்க்கிறாள் என்று பிடுங்கிப் பார்த்தேன். ஒரு ஆள் ஒற்றைக் கையில் சீட்டுக்கட்டைப் பிரித்துப் பிரித்து மூடுகிறான். வேறு ஒன்றும் இல்லை. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. இதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் நான் தொடர்ந்து பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, இவள் ஓடிப்போய் அணைத்தாள்.

பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, சரி, முறையாகச் சொல்லிக்கொடுப்போம் என்று ஒரு கட்டு வாங்கினேன். சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் நமக்கு முதலில் தெரிய வேண்டும் இல்லையா? அதனால் நான் முதலில் பழகினேன். அவளுக்குக் கட்டு கிடைக்கக் கொஞ்ச நாள் ஆனது. அது வேறு.

இதைக் கட்டில் ஓரமாக நின்று பழக வேண்டும் அக்கா. விழுகிற சீட்டு மெத்தையில் விழும். தரையில் விழுந்தால் பொறுக்கியே இடுப்பு போய்விடும், முனையும் மடங்கிவிடும். எங்கள் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து அறை வாசலில் நின்றுகொண்டு, “எனக்குப் படுக்க இடம் இருக்கா, இல்ல ராஜா எல்லாம் தூங்குறாங்களா?” என்பார். பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார். பிள்ளைக்காக ஒரு தகப்பன் இதுகூடச் செய்ய வேண்டாமா?

நறுமுகையை எனக்கு எதிரே உட்கார வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன், டியூஷனில் உட்காருகிற மாதிரி. விசிறி வந்துவிட்டது. அருவி வந்துவிட்டது. ஒற்றைக் கையால் பிரித்து மூடுகிறதே, அந்த ஒற்றைக்கை வெட்டு மட்டும் அவளுக்கு வரவில்லை. கட்டு பாதி திறக்கும், சுண்டுவிரல் நழுவும், எல்லாம் கொட்டிவிடும். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்: “கிளாவர் நாலு. டைமன் ஒன்பது. மறுபடி.” கொட்டுகிற வேகத்துக்கு என்னாலேயே சொல்லி முடியாது. கடைசியில் ‘கணக்கு டீச்சர், திருச்சி’ என்று போட்டு அந்த வீடியோவுக்குக் கீழேயே எழுதிக் கேட்டேன்: ‘சிறு பிள்ளையின் சுண்டுவிரல் நழுவுகிறது, என்ன செய்வது?’

பதில் போட்ட பையன் திருச்சிக்காரன்! ரிஸ்வான் என்று பெயர், இன்ஜினியரிங் படிக்கிறான். ‘ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வாங்க டீச்சர், ஆடி பொறந்துருச்சு’ என்று எழுதியிருந்தான்.

சீட்டுக்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் புரியவில்லை. போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது. இந்தச் சீட்டுப் பைத்தியங்கள் கூடுகிற இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். முகூர்த்த நாளில் அங்கே கால் வைக்க முடியாது. ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால் ஆடி மாதத்து ஞாயிறெல்லாம் இவர்களுக்கு. ஊரெல்லாம் ஆடி எப்போது முடியும், எப்போது தாலி கட்டலாம் என்று காத்திருக்கும். இவர்கள் ஆவணி வராமல் இருக்கக் கூடாதா என்று பெருமூச்சு விடுவார்கள்.

வாசலில் ஒருவர் நின்றிருந்தார். ஜெரால்டு. மண்டபத்து மேனேஜர், குழுவிலும் ஆள். எல்லாருக்கும் அண்ணன். நல்ல பெரிய உடம்பு, விரல் ஒவ்வொன்றும் நேந்திரங்காய் பருமன். என் கையில் குடையைப் பார்த்தார். முதல் தடவை போகிறேன், உள்ளே யார் இருக்கிறார்களோ என்று குடையைச் சற்று முன்னால் நீட்டித்தான் பிடித்திருந்தேன்.

“டீச்சரா? வாங்க வாங்க. குடையை மடக்கிக்கங்க, உள்ள மழை இல்ல. பந்தி இருக்கு, சாப்பாடுதான் இல்ல.”

உள்ளே பார்த்தால் நிஜமாகவே பந்தி. நீளமான மேஜை, இலைக்குப் பதிலாக ஆளுக்கொரு கட்டு. கீழே மண்டபத்து ஜமக்காளத்தை விரித்திருந்தார்கள், விழுகிற சீட்டு அடிபடாமல் இருக்க. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். மொட்டை மாடியில் வடகம் புரட்டுகிற மாதிரி அத்தனை கையும் மும்முரமாக இருந்தது. நறுமுகை என் முந்தானையை விட்டுவிட்டு நேராகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே ஒரு பழக்கம் அக்கா. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். யார் கையிலிருந்து சீட்டு விழுந்தாலும் ஒருவரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிறவர் குனிந்து எடுப்பார், எது என்று திருப்பிக்கூடப் பார்க்காமல் முகம் கீழாக நீட்டுவார். இவரும் வாங்கிச் செருகிக்கொள்வார். பேச்சு அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். அன்றைக்கு ஜெரால்டு அண்ணன் கையிலிருந்து ஒன்று விழுந்தது. நான் உதவியாக இருக்கட்டும் என்று, “ஆர்ட்டின் ராணி விழுந்துடுச்சு சார்,” என்றேன். கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஹாலில் அத்தனை கையும் அப்படியே நின்றுவிட்டது. நிஜப் பந்தியில் யாரோ, ‘சாம்பாரில் உப்பில்லை’ என்று கத்தின மாதிரி.

ரிஸ்வான் சிரித்துக்கொண்டே சொன்னான்: “டீச்சர், இங்க கீழ விழுந்த சீட்டுக்குப் பேரு கிடையாது.”

“பேர் சொல்லாம எப்படித் தம்பி திருத்துறது?”

“விழுந்தது அவருக்கே தெரியுமே டீச்சர்.”

என்ன பதில் பாருங்கள். தெரிந்தால் போதுமா? நான் விருந்தாளியாகப் போன இடம், அதனால் விட்டுவிட்டேன்.

மற்றபடி உதவி செய்வதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நறுமுகையின் கையை ஆளாளுக்குப் பார்த்தார்கள். சீட்டு வழுக்கட்டும் என்று நான் வீட்டில் முகப் பவுடர் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் ரிஸ்வான் தலையில் கை வைத்தான். பவுடர் ஈரத்தில் கட்டிதட்டி, சீட்டெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததாம். “கட்டுக்கு நல்லா மேக்கப் போட்டிருக்கீங்க டீச்சர், கல்யாணம் ஏதும் உண்டா?” என்று கேட்டார் ஜெரால்டு அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் ரிஸ்வான் தன் கட்டிலிருந்து ஒரு கொத்தை உருவிவிட்டு மீதியை அவளிடம் கொடுத்தான். “இவ்ளோ தடிமன் உன் கைக்கு வேணாம் பாப்பா. கொஞ்சமா வச்சுப் பழகு. கை ஏற ஏற சீட்டைச் சேர்த்துக்கலாம்.” நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டு என்றால் முழுக்கட்டு. பாதிப் பாடத்துக்குப் பரீட்சை உண்டா? ஆனால் இவள் அதை வாங்கி, ஜெரால்டு அண்ணன் பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, அன்று மத்தியானத்துக்குள் ஒற்றைக்கை வெட்டைப் போட்டுவிட்டாள். அதற்கு முன்னால் நான் வீட்டில் கொடுத்திருந்த அடித்தளம் காரணம், வேறென்ன?

செங்கிப்பட்டி வந்துவிட்டதா? இன்னும் நேரம் இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நானும் போட்டுக் காட்டினேன். பிள்ளைக்கு ஒரு தைரியம் வரட்டும் என்றுதான். ரிஸ்வான் என் கையை உற்றுப் பார்த்துவிட்டு, “டீச்சர், நீங்க இடது கைப் பழக்கமா?” என்றான்.

“இல்லையே. சாப்பிடுறது, எழுதுறது எல்லாம் வலதுதான்.”

“அப்ப ஏன் சீட்டு மட்டும் இடது கையில வெட்டுறீங்க? வீடியோவுல அவன் வலது கையிலதானே வெட்டுறான்?”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. வீடியோவில் அவன் நம்மைப் பார்த்து நிற்கிறான். அவன் வலது கை நமக்கு இடது பக்கம் தெரியும். நான் கண்ணாடி பார்த்துத் தலை வாருகிற மாதிரி, தெரிகிற பக்கத்துக் கையையே எடுத்துப் பழகியிருக்கிறேன். நறுமுகையோ என் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பழகினாள். என் இடது கை அவளுக்கு வலது பக்கம். அவளும் கண்ணாடி மாதிரியே செய்ததில் சரியான கைக்கு வந்துவிட்டாள். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ். நான் தப்பாகப் பழகாமல் இருந்திருந்தால் அவள் தப்பாகப் பழகியிருப்பாள். இதை நான் அங்கே விளக்கிச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். இவள்தான், “அம்மா, போதும்மா,” என்றாள்.

ஆனால் பாருங்கள், அந்த இடது கைக்கு ஒரு காலம் வந்தது.

வருஷா வருஷம் ஆடிக் கடைசி ஞாயிறு இந்தப் பக்கத்து ஊர்க் குழுக்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடும். இந்தத் தடவை தஞ்சாவூர். அங்கேதான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். குழு காலையிலேயே வேனில் போய்விட்டது, நறுமுகையும் அவர்களோடு. வேனில் எனக்கும் இடம் இருந்தது, எனக்குத்தான் டியூஷன் இருந்தது. ஊருக்கு ஒரு ஜோடி மேடையில் ஏறிச் செய்ய வேண்டும். எங்கள் குழு ‘இரட்டைக் கதவு’ என்ற ஒன்றை யோசித்து வைத்திருந்தது. இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். ஒருவர் வலது கையாலும் பக்கத்தில் இருக்கிறவர் இடது கையாலும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும். இரண்டு கையும் பக்கத்துப் பக்கத்தில் திறக்கும்போது கோவில் கதவு திறக்கிற மாதிரி இருக்கும். நடுவில் சீட்டு இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாறும். பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு பேரின் கை என்றே தோன்றக் கூடாது.

வலது கைக்கு நறுமுகைதான் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அவள் சீட்டைச் சேர்த்துச் சேர்த்து முழுக்கட்டுக்கு வந்திருந்தாள். அந்த வெட்டு அவள் கையில் அவ்வளவு சுத்தமாக வந்தது. இடது கைக்கு? அந்த ஹாலில் இடது கையால் வெட்டத் தெரிந்தது யாருக்கு? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், “அய்யய்யோ, நான் எதுக்கு, மேடையெல்லாம் எனக்கு எதுக்கு,” என்றேன். ரிஸ்வான் உடனே, “உங்களைக் கட்டாயப்படுத்தல டீச்சர்,” என்றான். “இல்ல இல்ல, பிள்ளைக்காகச் செய்யறேன்,” என்று சொல்லிவிட்டேன். சட்டென்று விட்டுவிடுகிறான் அந்தப் பையன்.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி. உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்கு அது பிடித்திருந்தது. இவள் வளர்ந்து வருகிறாள். தெருவில் கையைப் பிடித்தால் உதறிக்கொள்கிறாள். ஆனால் இரட்டைக் கதவுக்கு என் தோளில் அவள் தோள் ஒட்டித்தான் ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. அப்படியே ஒருதரம் மேடையில், நாலு பேர் பார்க்க, அவள் பக்கத்தில் நின்றுவிட வேண்டும் என்று... பிள்ளைக்குத் துணையாகத்தான்.

சாயங்காலம் டியூஷன் முடிந்ததும் கட்டில் ஓரம் நிற்போம். “டைமன் ஜாக்.” “தெரியும்மா.” “தெரிஞ்சா ஏன் விழுது? மறுபடி.” “கிளாவர் இரண்டு. கட்டைவிரல் முந்துது. மறுபடி.” என் கையிலிருந்து விழுந்தாலும் சொல்வேன், நான் பாரபட்சம் பார்ப்பதில்லை. ஆனால் எனக்கு அவ்வளவாக விழாது. அடடா, அதோ ஒன்று. கிளாவர் ராஜா. பஸ் குலுங்குகிறது.

ஒரு நாள் தொடர்ந்து சொல்லிக்கொண்டு வரும்போது இவள், “சரி மிஸ்,” என்றாள். டியூஷன் ஞாபகத்தில் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் ஹாலில் பாயில் படுத்தபடி, “மிஸ், ஒரு வாய் காபி கிடைக்குமா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இவள் சிரிக்கவில்லை. களைத்துப் போயிருந்தாள்.

எனக்கு ஒரே கவலை ஜெரால்டு அண்ணனைப் பற்றித்தான். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் குழுவிலேயே அதிகமாகச் சீட்டைக் கொட்டுகிறவர் அவர். வலது கையிலேயே ஒரு வெட்டு ஒழுங்காக வராது. கொட்டினதும் கவலைப்பட வேண்டாமா? “போச்சு, அட்சதை!” என்பார். இவளும் அவரும் ஜமக்காளத்தில் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்குவார்கள். மேஜைக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். அங்கே போனால் இவளுக்கும் நிறைய விழுகிறது, வீட்டில் விழுவதைவிட அதிகம். விழுந்தால் முகம்கூடச் சுருங்குவதில்லை. நான் சொன்னேன், “அவர் பக்கத்துல உக்காராதே. இது மெட்ராஸ் ஐ மாதிரி ஒட்டிக்கும்.” கேட்டால்தானே?

வல்லம் தாண்டிவிட்டோம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

போன ஞாயிறு கடைசிப் பயிற்சி. நான் எங்கள் இருவருக்கும் ஒரே பச்சையில் எடுத்திருந்தேன். எனக்குப் புடவை, அவளுக்குப் பாவாடை சட்டை. தோள் எங்கே முடிகிறது, எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான். அவள் அதைப் போடவில்லை, பள்ளிக்கூட டீ-ஷர்ட்டிலேயே வந்தாள். நான் மட்டும் கட்டிக்கொண்டு போனேன்.

ஜோடி சேருவதற்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. புதுச் சீட்டு விறைப்பாக இருக்கும், பழகின சீட்டு வளைந்து கொடுக்கும். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி ஓட வேண்டுமானால் ஒரே கட்டைத்தான் இருவரும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மட்டும் ஆளுக்குப் பாதிக் கட்டு. அதனால் வலது கைக்காரர் தான் பழகின கட்டைப் பிரித்து, யாரோடு செய்யப் பிரியமோ அவர் கையில் பாதியைக் கொடுக்க வேண்டும். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, வாங்கினவர் மறுக்கக் கூடாது. எங்கள் விஷயத்தில் அது சும்மா ஒரு சடங்குதான். வேறு யாருக்கு இடது கை வரும்?

எல்லாரும் ஜமக்காளத்தைச் சுற்றி நின்றோம். ரிஸ்வான், “யோசிச்சு, உன் இஷ்டப்படி குடு பாப்பா,” என்றான். யோசிக்க என்ன இருக்கிறது? நான் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது கையை நீட்டியே வைத்திருந்தேன். ஜெரால்டு அண்ணன் பக்கத்தில் நின்று யாருக்கோ போனில் பந்திப் பாய் வாடகை சொல்லிக்கொண்டிருந்தார்.

நறுமுகை கட்டைச் சரிபாதியாகப் பிரித்தாள். ஜெரால்டு அண்ணனிடம் போனாள். அவர் வலது கையை நீட்டினார். அவள் அந்தக் கைக்குப் போனை மாற்றிக் கொடுத்துவிட்டு, அவருடைய இடது கையை விரித்து, பாதிக் கட்டை அதில் வைத்தாள்.